வினாவும் விடையும்: ஆர் மொழியிற் புள்ளிவிபரக் கணிப்புக்கு உதவி பெறுதல்

புள்ளிவிபரவியல் இன்று கணிதத் துறையினருக்கு மட்டும் உரிய கருவியன்று. மருத்துவம், விவசாயம், பொருளியல், சமூகவியல், மொழியியல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோர் பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் தாம் திரட்டிய தரவுகளைக் கணனியில் இட்டு, அவற்றினின்றும் முடிவு காண வேண்டியவராகின்றனர். இவர்களுட் பலர் செய்நிரலாக்கத்தை முறையாகக் கற்றவரல்லர். எனவே இடைவழியில் தடைப்பட்டு நிற்கும்போது பிறரிடம் உதவி கேட்பது தவிர்க்கவியலாததாகின்றது. ஆயின், கேட்பது எவ்வாறு என்பது தனியே கற்கவேண்டிய ஒன்றாகப் பெரும்பாலும் கருதப்படுவதில்லை. கேட்கத் தெரியாமையாற் சிலர் ஆய்வையே கைவிடுகின்றனர். வேறு சிலர் பிழையான விடையைச் சரியானதென நம்பி அச்சேற்றுகின்றனர். இரண்டாவது முதலாவதிலும் கேடானது.

புள்ளிவிபரவியலாளரிடையே பெருவழக்குப் பெற்றுள்ள ஆர் என்னும் கணனி மொழியை எடுத்துக்கொண்டு, அதிற் தோன்றும் இடர்ப்பாடுகளுக்கு உதவி பெறும் முறையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். வினாவை அமைத்தல் ஆய்வுக்குப் புறம்பானதொரு செயலன்று, ஆய்வின் ஓர் அங்கமே என்பது நாம் இங்கு நிறுவ முயலும் கருத்து.

1. ஆர் மொழியின் தோற்றம்

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் சேம்பர்ஸ் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் 1976ஆம் ஆண்டில் எஸ் என்னும் மொழியை உருவாக்கத் தொடங்கினர். தரவை ஆராய்பவர் தமது எண்ணத்தை நேரடியாகக் கணனிக்கு உணர்த்துதல் வேண்டும் என்பதே அம்மொழியின் அடிப்படை நோக்கமாயிருந்தது. 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்துப் புள்ளிவிபரவியலாளரான றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்ரில்மன் ஆகிய இருவரும், மாணவர் ஆய்வுகூடத்திற் பயன்படுத்தத்தக்க மென்பொருளொன்றை வேண்டி, எஸ் மொழியை ஒத்த புதிய மொழியொன்றை ஆக்கினர். இருவரின் பெயர்களின் முதலெழுத்தும் ஆர் ஆகும். எஸ் என்ற பெயரின் சாயலும் அதில் உண்டு.

சூரிச் நகரில் பணியாற்றிய மார்ட்டின் மெக்லர் முதலானோரின் தூண்டுதலால், 1995ஆம் ஆண்டில் ஆர் மொழி பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. யாரும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமையுடன் பிறர்க்கு வழங்கலாம். 1997இல் அதன் வளர்ச்சிக்குப் பொறுப்பான மையக்குழு அமைந்தது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் 1.0.0 பதிப்பு வெளியாயிற்று. இன்று 20,000க்கு மேற்பட்ட துணைப் பொதிகள் உலகெங்குமுள்ள ஆய்வாளரால் ஆக்கப்பட்டு, யாவர்க்கும் பொதுவாக வைக்கப்பட்டுள்ளன.

இவ்வரலாற்றை இங்கு கூறுவதற்குக் காரணம் உண்டு. வர்த்தக நிறுவனமொன்றின் மென்பொருளை வாங்குபவர் உதவியையும் சேர்த்தே வாங்குகின்றார். ஆர் மொழியிலோ வாங்குவோரும் விற்போரும் இல்லை. அம்மொழியைத் திறந்தவுடன் திரையிற் தோன்றும் சில வரிகள் இந்நிலையைத் தெளிவாகக் காட்டுகின்றன. இம்மென்பொருளுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை என்கின்றது ஒரு வரி. இது பலர் கூடிச் செய்த பணி என்கின்றது மற்றொரு வரி. உதவிப் பக்கங்களைத் திறக்கும் வழியைக் கூறுகின்றது பிறிதொரு வரி. உத்தரவாதம் இல்லாத இடத்தில் உதவி என்பது மனிதரின் விருப்பார்ந்த உழைப்பாகின்றது. அவ்வுழைப்பை எவ்வாறு வேண்டிப் பெறுவது என்பதே நம்முன் உள்ள பிரச்சினை.

2. மொழிக்குள்ளே அமைந்த உதவி

ஆர் மொழியில் வினாக்குறியே ஒரு கட்டளையாகும். ஒரு சார்பின் பெயருக்கு முன்னர் வினாக்குறியை இட்டால் அதற்குரிய உதவிப் பக்கம் திறக்கும். பெயர் தெரியாதவிடத்து, இரட்டை வினாக்குறியை இட்டுப் பொருள்வழியே தேடலாம்.

இவ்வுதவிப் பக்கங்கள் கடினமானவை என்ற குறை நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றது. அக்குறையில் உண்மை உண்டு. அவை கற்பிப்பதற்காக எழுதப்பட்டவையல்ல. நிகண்டு போன்று, ஓரளவு அறிந்தவர் ஐயம் நீங்குவதற்காக எழுதப்பட்டவை. ஆயின், அவற்றின் அமைப்பு யாவற்றிலும் ஒன்றே. விபரணம், பயன்படுத்தும் வடிவம், ஏற்கும் உள்ளீடுகள், நுணுக்கங்கள், தரும் பெறுபேறு, தொடர்புடைய சார்புகள், எடுத்துக்காட்டுகள் என்பன ஏறத்தாழ இவ்வொழுங்கிலேயே வரும். புதியவர் இப்பக்கத்தைக் கீழிருந்து மேலாகப் படித்தல் நன்று. இறுதியிலுள்ள எடுத்துக்காட்டுகளை முதலில் இயக்கிப் பார்த்து, பின்னர் தமது தரவு எங்கே அவற்றினின்றும் வேறுபடுகின்றது என ஒப்புநோக்கினால், இடர்ப்பாடுகளிற் கணிசமான பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். சார்பு தரும் பெறுபேறு எவ்வடிவினது என்று கூறும் பகுதியைப் பலர் படிப்பதேயில்லை. இதைக் கவனியாமையே அடுத்த வரியில் வழு தோன்றுதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றது.

3. வழுக்களின் வகை

உதவி கேட்பதற்கு முன்னர் எத்தகைய வழு நேர்ந்துள்ளது என அறிதல் வேண்டும். இதை மூன்று வகையாக நோக்கலாம்.

முதலாவது, கணிப்பை நிறுத்திவிடும் வழு. குறிப்பிட்ட பெயருடைய பொருள் காணப்படவில்லை என்ற செய்தி இவ்வகையில் மிகப் பழக்கமானது. பெயரைப் பிழையாக எழுதியிருக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருக்கலாம். அப்பொருளை ஆக்கும் வரியை இயக்காமல் விட்டிருக்கலாம். இவ்வழு தொல்லை தருவதாயினும் நேர்மையானது.

இரண்டாவது, எச்சரிக்கை. கணிப்பு நடைபெறும், ஆயின் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என மொழி அறிவிக்கும். சொற்களை எண்ணாக மாற்ற முயன்றபோது சில பெறுமானங்கள் விடுபட்டன என்ற எச்சரிக்கை இத்தகையது. விடை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இதைப் புறக்கணிப்போர் பலர்.

மூன்றாவது வகையே நாம் அஞ்சவேண்டியது. அங்கு மொழி எதுவுமே கூறுவதில்லை. ஆறு எண்கள் கொண்ட காவியொன்றுடன் நான்கு எண்கள் கொண்ட காவியைக் கூட்டினால் ஆர் எச்சரிக்கும். ஆறு எண்களுடன் மூன்று எண்களைக் கூட்டினாலோ, மூன்றையும் மீண்டும் ஒருமுறை எடுத்துக் கூட்டிவிட்டு மௌனமாயிருக்கும். மற்றோர் எடுத்துக்காட்டு: 10, 20, 5 என்னும் மூன்று அளவீடுகள் தவறுதலாகக் காரணி என்ற வகையாகச் சேமிக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். அவற்றை நேரடியாக எண்ணாக மாற்றினால், அகரவரிசையில் அமைந்த மட்டங்களின் வரிசை எண்களான 1, 2, 3 என்பனவே கிடைக்கும். சராசரி ஏறத்தாழ 11.67 ஆக இருக்கவேண்டியவிடத்து 2 என விடை வரும். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான 4.0.0 பதிப்புக்கு முன்னர், கோப்பிலிருந்து வாசிக்கப்படும் சொற்கள் தாமாகவே காரணிகளாக மாற்றப்பட்டு வந்தமையால் இவ்விபத்து அடிக்கடி நிகழ்ந்தது.

ஆர் மொழியுடனேயே வழங்கப்படும் தரவுத்தொகுதி ஒன்றைக் கொண்டு இதை மேலும் விளக்கலாம். நியூயோர்க் நகரில் 1973ஆம் ஆண்டு மே முதல் செப்ரெம்பர் வரையான 153 நாட்களின் காற்றுத்தர அளவீடுகள் அதில் உள்ளன. ஓசோனின் சராசரியைக் கேட்டால் விடையாக எண் வராது. விடுபட்ட பெறுமானம் என்ற குறியே வரும். 37 நாட்களுக்கு ஓசோன் அளவீடு இல்லாமையே காரணம். அவற்றை நீக்குமாறு வெளிப்படையாகக் கட்டளையிட்டால் 42.13 எனச் சராசரி கிடைக்கும். இங்கு மொழி ஆய்வாளரைச் சிந்திக்குமாறு வற்புறுத்துகின்றது. ஆயின், ஒரு மாறியைப் பிற மாறிகள் கொண்டு மதிப்பிடும் பிற்செலவு ஆய்வில் நிலைமை வேறு. ஓசோனைக் காற்றின் வேகம் கொண்டு மட்டும் மதிப்பிட்டால் 116 நாட்கள் பயன்படும். சூரியக் கதிர்வீச்சையும் வெப்பநிலையையும் சேர்த்தால், கதிர்வீச்சிலும் விடுபாடுகள் இருப்பதால், 111 நாட்களே எஞ்சும். 42 நாட்கள் நீக்கப்பட்டன என்பது சுருக்க அறிக்கையின் கீழே ஒரு வரியாக மட்டும் இடம்பெறும். அவ்வரியைக் காணாதவர் வெவ்வேறு நாட்களின் மீது கணிக்கப்பட்ட இரு மாதிரியுருக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒன்று சிறந்ததென முடிவு கட்டுவர். இவ்விரண்டையும் முறைப்படி ஒப்பிடும் சார்பிடம் கொடுத்தால் அது மறுத்துவிடும். கண்ணால் ஒப்பிடுபவரைத் தடுப்பார் எவருமில்லை.

4. வினாவின் உறுப்புகள்

நன்னூலார் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாக வகுத்தார். உதவி வேண்டுவோர் எழுப்பும் வினாக்கள் பெரும்பாலும் அறியா வினாவாகவே உள்ளன: "என் நிரல் இயங்கவில்லை, என்ன செய்வது?" இதற்கு எவராலும் விடையளிக்கவியலாது. கயிறோ பாம்போ என்பது போல, தெரிந்ததைக் கூறி, இதுவோ அதுவோ என ஐயத்தை வரையறுத்துக் காட்டும் ஐய வினாவாக அதனை மாற்றுதல் வேண்டும். இம்மாற்றமே வேலையிற் பாதி.

இதற்கு வழிசெய்வது, பிறரும் தம் கணனியில் மீள நிகழ்த்திப் பார்க்கத்தக்க மிகச்சிறிய எடுத்துக்காட்டாகும். அதன் உறுப்புகள் நான்கு. அவை: வழுவைக் காட்டுதற்குப் போதுமான சிறிய தரவு, அவ்வழுவை உண்டாக்கும் நிரல், தேவையற்ற வரிகள் யாவும் நீக்கப்பட்டதாக, கிடைத்த விடையும் எதிர்பார்த்த விடையும், பயன்படுத்திய ஆர் மொழியினதும் பொதிகளினதும் பதிப்பு.

தரவைத் திரையிலிருந்து படம்பிடித்து அனுப்புவதாற் பயனில்லை. படத்திலுள்ள எண்களை எவரும் கணிப்புக்கு உட்படுத்தவியலாது. மேலும் காரணியும் சொல்லும் எண்ணும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். தரவுப் பொருளை நிரல் வடிவிலேயே எழுதித்தரும் 'டிபுட்' என்ற சார்பு இதற்கெனவே உள்ளது. எழுமாற்றெண்களைப் பயன்படுத்தின் அவற்றின் தொடக்க வித்தையும் குறிப்பிடல் வேண்டும். பதிப்பைக் கூறுவது வெறுஞ் சடங்கன்று. 2019ஆம் ஆண்டில் வெளியான 3.6.0 பதிப்பில் எழுமாற்று மாதிரி எடுக்கும் முறை மாற்றப்பட்டமையால், ஒரே வித்து பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் வெவ்வேறு மாதிரிகளைத் தரக்கூடும்.

தரவைப் பகிர்வதில் அறப் பிரச்சினை ஒன்றும் உள்ளது. நோயாளரின் விபரங்களும், இடம்பெயர்ந்தோர், தொழிலாளர் ஆகியோர் நம்பிக்கையுடன் அளித்த வாக்குமூலங்களும் ஆய்வாளரின் சொத்தல்ல. உதவி பெறும் அவசரத்தில் அவற்றை வெளியிடுவது துரோகமாகும். அதே வடிவிற் கற்பனையான சில வரிகளை ஆக்கியோ, மொழியுடன் வரும் பொதுத் தரவுத்தொகுதிகளைக் கொண்டோ வழுவைக் காட்டலாம். உண்மைத் தரவின்றி வழுவைக் காட்ட முடியவில்லையெனின், வழு நிரலில் அல்லாது தரவிலேயே உள்ளதென்பதற்கு அது நல்லதொரு தடயம்.

எடுத்துக்காட்டைச் சிறிதாக்கும் முயற்சியின் இடையிலேயே விடை தென்பட்டுவிடுவது அடிக்கடி நிகழ்வது. நிரலின் பாதியை நீக்குகின்றோம். வழு நிற்கின்றதா மறைகின்றதா எனப் பார்க்கின்றோம். எஞ்சியதிற் பாதியை நீக்குகின்றோம். இவ்வாறு செல்லும்போது காரணம் ஒடுங்கி ஒரு வரிக்குள் வந்துவிடுகின்றது. பரிசோதனை விஞ்ஞானி மாறிகளை ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்துவதும் இம்முறையே.

பிறிதொரு குறைபாட்டையும் இங்கு சுட்டுதல் தகும். கேட்பவர் தமது உண்மையான நோக்கத்தை மறைத்து, தாமே தெரிந்தெடுத்த வழியைப் பற்றி மட்டும் வினவுவதுண்டு. குறித்த எல்லைக்கு மேற்பட்ட அளவீடுகளை அழிக்கும் நிரலை எழுதுவது எப்படி என ஒருவர் கேட்கின்றார். அவற்றை ஏன் அழிக்கவேண்டும் என்பதே உண்மையில் எழவேண்டிய வினா. அது செய்நிரலாக்க வினாவன்று, புள்ளிவிபரவியல் வினா. அனுபவமிக்க உதவியாளர் இவ்விடத்தில் உடனே நிரல் எழுதித் தராமல் வினா எதிர் வினாதல் என்னும் விடையையே தருவார். அதை அலட்சியமெனக் கொள்ளுதல் தவறு.

5. கேட்பவர் மட்டுமே அறிந்தது

எதிர்பார்த்த விடையைக் கூறுதல் என்ற மூன்றாம் உறுப்பு ஏன் இன்றியமையாதது என்பதற்குத் தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். தமிழ் நூலொன்றின் சொற்களின் சராசரி நீளத்தை எழுத்துக் கணக்கில் அறிய விரும்பும் ஆய்வாளர், ஆர் மொழியில் எழுத்துகளை எண்ணும் சார்பிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுக்கின்றார். விடை 5 என வருகின்றது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்து ஒருங்குறிக் குறியீடுகளை அது எண்ணியுள்ளது. தமிழிலக்கணப்படி எழுத்துகள் மூன்றே. வழுவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. தமிழறியாத உதவியாளர் இந்த 5இற் குறை காணமாட்டார்; கேட்பவர் "மூன்று வரவேண்டும், ஐந்து வருகின்றது" என்று கூறினால் மட்டுமே பிரச்சினை என்னவென்பது அவருக்குப் புலனாகும். கூறிவிட்டாலோ, குறியீடுகளையன்றிப் பயனர் காணும் எழுத்தெல்லைகளைக் கொண்டு எண்ணும் 'ஸ்ட்ரிங்ஐ' என்ற பொதியை அவர் உடனே காட்டிவிடுவார். அது 3 என விடை தரும்.

இவ்வாறே, விண்டோஸ் இயங்குதளத்தில் தமிழ்த் தரவைக் கையாண்டோர், எழுத்துகளுக்குப் பதிலாக ஒருங்குறி எண்கள் கோணக் குறிகளுக்குள் தோன்றுவதைக் கண்டு நெடுங்காலம் இடருற்றனர். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான 4.2.0 பதிப்பு, விண்டோஸின் அண்மைய பதிப்புகளில் இந்நிலையைப் பெரிதும் நீக்கியது. பதிப்பைக் கூறாமல் இத்தகைய வினாவை எழுப்புபவருக்கு உதவுதல் அரிது.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாதெனில், உதவி என்பது அறிந்தவரிடமிருந்து அறியாதவரை நோக்கி ஒருபுறமாகப் பாயும் ஒன்றன்று. மொழியின் நுணுக்கத்தை உதவுபவர் அறிவார். தரவின் பொருளைக் கேட்பவரே அறிவார். இரண்டும் சந்திக்காதவிடத்துச் சரியான விடை பிறப்பதில்லை.

6. விடையைச் சோதித்தல்

கிடைத்த விடையை அப்படியே பிரதிசெய்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. பழைய விடைகள் பழைய பதிப்புகளுக்கு உரியவை. மேலே கூறிய காரணி மாற்றம் இதற்குச் சான்று. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சட்ஜிபிடி வெளியானதன் பின்னர், பெருமொழி மாதிரியுருக்களிடமே நிரல் கேட்கும் வழக்கமும் பரவியுள்ளது. வழுச்செய்தியை விளக்குவதிலும் பழக்கமான பணிகளுக்கு நிரல் எழுதுவதிலும் அவை பெரிதும் பயன்படுகின்றன. கேட்கக் கூசும் மாணவருக்கு அவை துணையாவதையும் மறுப்பதற்கில்லை. ஆயின் அவை இல்லாத சார்புகளையும் உள்ளீடுகளையும் ஐயமின்றி எடுத்துரைப்பதுண்டு. இல்லாத சார்பு உடனே வழுவைத் தரும், அது எளிது. இயங்கக்கூடிய, ஆனால் வேறொரு வினாவுக்கு விடையான நிரல் மௌனமாகத் தவறும்.

இதற்குக் காப்பு ஒன்றே. விடையைக் கையாற் கணிக்கக்கூடிய நான்கைந்து எண்களைக் கொண்டு அந்நிரலை முதலில் இயக்கிப் பார்த்தல் வேண்டும். விடையளித்தவர் பேராசிரியராயினும் பொறியாயினும் சோதனை ஒன்றுதான்.

7. வெளிப்படையும் பொது உழைப்பும்

உதவிக்காகத் தரவையும் நிரலையும் விரித்துக் காட்டும் பழக்கம் தனிமனிதரின் வசதிக்கு மட்டும் உரியதன்று. 2010ஆம் ஆண்டில் கார்மென் றைன்ஹார்ட், கெனத் றோகோஃப் என்னும் பொருளியலாளர் இருவர், அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 சதவீதத்தை மீறும் முன்னேறிய நாடுகளில் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதமெனக் காட்டும் கட்டுரையை வெளியிட்டனர். பொதுச்செலவைக் குறைக்கவேண்டும் என வாதிட்டோர் பலர் அதனைச் சான்றாகக் காட்டினர். மசசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தின் அம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பட்டப்பின் மாணவராயிருந்த தோமஸ் ஹேர்ண்டன் அம்முடிவை மீளக் கணிக்க முயன்று தோற்று, ஆசிரியர்களிடமே கணிப்பைக் கேட்டார். அவர்களும் தமது எக்செல் விரிதாளை வழங்கினர். அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளின் வரிகள் சராசரியிற் சேர்க்கப்படாமல் விடுபட்டிருந்தமை அதில் தெரியவந்தது. இவ்வழுவுடன், சில தரவுகள் விலக்கப்பட்டமையையும் நிறையிட்ட முறையையும் திருத்தியபோது வளர்ச்சி 2.2 சதவீதமாயிற்று என ஹேர்ண்டனும் மைக்கல் ஆஷ், றொபேட் பொலின் என்போரும் 2013இல் காட்டினர். விரிதாள் வழுவை மூல ஆசிரியர்கள் ஏற்றனர், ஏனையவற்றை மறுத்தனர். விவாதம் எவ்வாறாயினும், அவ்விவாதம் நிகழ முடிந்தமைக்குக் காரணம் ஒரு மாணவர் கேட்டதும், கேட்டவருக்குக் கணிப்பு காட்டப்பட்டதுமாகும். மக்களின் வாழ்வைத் தொடும் முடிவொன்றில் மௌன வழு மூன்றாண்டுகள் மறைந்திருந்தது.

பிறருடைய விருப்பார்ந்த உழைப்பால் நிற்கும் அறிவுப் பொதுச்சொத்தில் உதவி பெறுபவருக்குக் கடமைகளும் உண்டு. பிரச்சினை எவ்வாறு தீர்ந்தது என்பதைத் திரும்பக் கூறுதல் வேண்டும். அடுத்து வருபவருக்கு அதுவே வழிகாட்டி. பயன்படுத்திய பொதிகளை ஆக்கியோரை ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டுதல் வேண்டும்; அதற்குரிய விபரத்தை ஆர் மொழியே தரும். உதவுபவர்க்கும் கடமை உண்டு. புதியவரின் குழம்பிய வினாவை ஏளனம் செய்பவர், அவரை மீண்டும் கேளாதவாறு செய்துவிடுகின்றார். கேளாதவருடைய வழுக்கள் எவர் கண்ணிலும் படுவதில்லை.

நமது பல்கலைக்கழகங்களில் புள்ளிவிபரவியல் கற்பிக்கும்போது சூத்திரங்களுடன் இதையும் ஒரு பயிற்சியாகச் சேர்த்தல் நன்று. ஒவ்வொரு மாணவரும் தாம் தடைப்பட்ட ஓரிடத்தைப் பத்து வரிகளுக்குள் சுருக்கி, எதிர்பார்த்த விடையுடன் எழுதிவரட்டும். மற்றொரு மாணவர் தமது கணனியில் அதை இயக்கிப் பார்க்கட்டும். முதலாமவர் கேட்கக் கற்பார். இரண்டாமவர் உதவக் கற்பார்.